முதல் வீட்டுக்குப் போகும் அம்பு

செபஸ்தியார் சுரூபத்தின் மார்பில் இருக்கும் அம்பைக் கழற்ற வேண்டுமானால் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் சுண்ணாம்பு பேர்ந்துவிடும். மாசிலாமணி இருபத்தாறு வருஷமாக இதைச் செய்துவருகிறார். கோயில்பிள்ளை வேலை. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, கதவைத் திறப்பது, பூட்டுவது. படிப்பு இரண்டாம் வகுப்பு. தராசு பிடிக்கிறவனையும் நம்ப மாட்டார், ஊசி போடுகிறவனையும் நம்ப மாட்டார். செபஸ்தியாரை மட்டும் நம்பினார். அவர் வாயைத் திறக்க மாட்டார் அல்லவா.

சாலவாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரை ஓரமாக இருக்கிற அந்த ஊரில் வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர் வீடு நாற்பது. தை மாதத் திருநாளுக்கு மூன்று நாள் முன்னால் அம்பு வீடு வீடாகப் போகும். அதற்கு ஒரு கட்டு உண்டு. அந்த வருஷம் எந்த வீட்டில் பெரிய துக்கம் விழுந்ததோ, முதலில் அங்கேதான் போக வேண்டும். அந்த வீட்டார் வாங்கி உள்ளே வைத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அடுத்த வாசல். முதல் வீடு வாங்காத அம்பு வேறு எந்த வீட்டிலும் ஏறக் கூடாது.

"மொத வூடு லாசர் பெரியவரு வூடு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பங்குப் பேரவைத் தலைவர் சவரிநாதன்.

"தொண்ணூத்திரண்டு வயசுல தூக்கத்துல போனாரு. அது ஒரு துக்கமா?"

"பின்ன எவன் வூடு?"

மாசி எண்ணெயைத் துடைத்தார். இரண்டு பேருக்கும் தெரிந்த வீடுதான்.

"தோ பாரு மாசிண்ணா. நாளைக்கு ஆயர் அனுப்பி ஒரு சிஸ்டரும் வக்கீலும் விசாரிக்க வராங்க. நீ ஒண்ணும் பாக்கல. நம்ம கோயில நாமளே நாறடிச்சிக்கினா வெளியாளு சும்மா கீறானா?"

"நாறிக்கினுதான் கீது. மூடி வெச்சா போயிடுமா?"

"அப்பறம் ஊர்ல ஒன்னோட எவனும் பேச மாட்டான்."

"இப்ப மட்டும் எவன் பேசறான்?"

பொய்யில்லை. பெண்டாட்டி போய் ஒன்பது வருஷம். விசாரணைக்கு வரச்சொல்லி இவர் பேருக்குக் கடிதம் வந்த நாளிலிருந்து டீக்கடையில் இவர் உட்காரும் பெஞ்சு காலியாகிவிடும்.

அவர் பார்த்தது இவ்வளவுதான். வைகாசி மாதம், மத்தியானம் இரண்டு மணி. கோயில் சாவிக்காக, அப்போதிருந்த பங்குச் சாமியார் வீட்டுக்குப் போனார். சமையல்கட்டு உள்ளே தாழ் போட்டிருந்தது. அங்கே சமையல் வேலை பார்த்த தேவியின் குரல் கேட்டது: "வேணாம் சாமி." மாசி கதவை இடித்தார். மூன்று முறை இடித்தார். கதவு திறந்தது. தேவி ஒற்றைச் செருப்போடு ஓடினாள். கையில் வளையல் உடைந்து ரத்தம். உள்ளே நின்ற சாமியார் சொன்னார், "பாத்திரம் விழுந்துடுச்சி மாசி."

மாசி சொன்னார், "சரி சாமி."

சாவியை எடுத்துக்கொண்டு போய் மணி அடித்தார். மறுமாதம் அந்தச் சாமியாருக்கு மாற்றல் வந்தது. மாலை போட்டு வழியனுப்பினார்கள். குடை பிடித்தவர் மாசி. தேவி ஊரில் இருந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு, கூரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அம்பைச் சிவப்புத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தவரை வினோத் பிடித்துக்கொண்டான். யூடியூப் சேனல் வைத்திருக்கிற பையன், உத்திரமேரூர்க்காரன். போனை முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பெருசு, இதுல பாத்து சொல்லு. இப்ப வந்துகீற புது சாமியாரும் அப்டித்தானே?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"எல்லாருமே கூட்டுன்னு ஒரு வார்த்த சொல்லு."

"பாக்காதத எப்பிடிடா சொல்றது?"

"நீ பாத்தத மட்டும் சொன்னா ஒரு நிமிசம் கூட ஓடாது பெருசு."

"அந்தப் பொண்ணு பேரு இன்னான்னு ஒனக்குத் தெரியுமா?"

வினோத்துக்குத் தெரியவில்லை. மாசி பஸ் ஏறிவிட்டார்.

காஞ்சிபுரத்தில் பஸ் மாறிக் கூரம் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. தேவி வாசலில் உட்கார்ந்து யாருடைய பட்டுப் புடவைக்கோ குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

"இன்னாத்துக்கு வந்த பெரீப்பா?"

"அம்பு வந்துகீது."

"மொத அம்பா? என் வூட்ல எவன் செத்தான்?"

மாசி சிவப்புத் துணியை அவிழ்த்தார். "நான் பாத்தேம்மா."

"நீ பாத்தது எனக்குத் தெரியும். கதவ இடிச்சது நீதான், அதையும் மறக்கல. ஆனா அப்பறம் மணி அடிச்ச பாரு. ஏரிக்கரைல ஓடிக்கினு இருந்தேன், அந்த மணி கேட்டுச்சி. எட்டு மாசமா கேட்டுக்கினே கீது."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மாசி அம்பை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு சொன்னார்:

"செபஸ்தியாரு அம்புல சாவல, தெரியுமா? பொழச்சிட்டாரு. ஒரு விதவைப் பொம்பள வூட்ல வெச்சி காயம் ஆத்துனா. ஓடிப் போயிருக்கலாம். போவாம, ராஜா வர்ற படிக்கட்டுல போய் நின்னாரு. நீ பண்றது அநியாயம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. தடியால அடிச்சிதான் கொன்னாங்க."

"இது அந்தாளு பிரசங்கத்துல சொன்னதுதானே? அந்த வாயில வந்தத என் வாசல்ல வந்து கொட்றியா?"

"வாயி அவனுது. செபஸ்தியாரு அவனுதில்ல."

தேவி குஞ்சத்தைக் கீழே வைத்தாள். கையை மட்டும் நீட்டவில்லை.

"போய்ச் சொல்லு மொதல்ல. சொல்லிட்டு எடுத்துனு வா. வாங்கிக்கிறேன்."

அன்று அம்பு எந்த வீட்டிலும் ஏறவில்லை. ஊரே வாசல் தெளித்துக் காத்திருந்தது. மாசி அதைத் தன் தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொண்டார். சவரிநாதன் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனார்.

மறுநாள் விசாரணை. உட்காரச் சொன்னார்கள், மாசி உட்காரவில்லை. கதவைச் சாத்தப் போன சவரிநாதனைத் தடுத்தார். "தொறந்தே இருக்கட்டும். மூடுன கதவால வந்த வெனைதான இது." பார்த்ததைச் சொன்னார். சிஸ்டர் எழுதினார்.

"படிச்சுக் காட்டு தாயி."

சிஸ்டர் படித்தார். "உள்ளே சத்தம் கேட்டது..."

"சத்தம் இல்ல. 'வேணாம் சாமி'ன்னு கேட்டுச்சி. அத எழுது."

அடித்துவிட்டு எழுதினார். வக்கீல் கேட்டார், "இப்ப இருக்கற ஃபாதர் மேல எதாவது புகார்?"

"காலைல எனக்கு டீ குடுப்பாரு. வேற ஒண்ணும் நான் பாக்கல."

"வேற எதாவது சொல்லணுமா?"

"நான் 'சரி சாமி'ன்னு சொன்னேன். போய் மணி அடிச்சேன். கொட புடிச்சேன். அதையும் எழுதிக்கோ."

மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கைநாட்டு வைத்தார். வெளியே வந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மரியாதைக்கு அல்ல. அதற்குள் வினோத் போனில் ஒன்று போட்டிருந்தான்: புதுச் சாமியாரைக் காப்பாற்றும் கிழவன் என்று. ஊர்க்காரர்களோ மாசியை வினோத்தின் ஆள் என்றார்கள். சாயங்காலம் புதுச் சாமியார் வந்து கோயில் சாவியைக் கேட்டார். "கொஞ்ச நாளைக்கு வேற ஆளு பாக்கட்டும், பேரவை முடிவு" என்றார். மாசியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மாசி சாவியைக் கொடுத்தார். அம்பை யாரும் கேட்கவில்லை. மாசியும் கொடுக்கவில்லை.

காலையில் முதல் பஸ் பிடித்துக் கூரம் போனார். தேவி கதவருகே வந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"மணி அடிச்சதயும்?"

"அதையும்."

இரண்டு கையாலும் அம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவரைக் கூப்பிடவில்லை. மாசி வெயிலில் நின்றார். உள்ளே அவள் அழுதாளா, கும்பிட்டாளா, அவர் பார்க்கவில்லை. ஒரு பஸ் போயிற்று. இன்னொரு பஸ்ஸும் போயிற்று.

பிறகு அம்பு வெளியே வந்தது. கூடவே ஒரு சொம்புத் தண்ணீரும்.

"மத்த வூட்டுக்கு எடுத்துனு போ."

"எவம்மா தொறப்பான்? சாவியும் புடுங்கிக்கினாங்க."

"தொறக்கலன்னா இடி. ஒனக்குத்தான் இடிக்கத் தெரியுமே."

தண்ணீரைக் குடித்துச் சொம்பைப் படியில் வைத்தார். சாலவாக்கம் போய்ச் சேரும்போது பஸ்ஸில் அவர் ஒருவர்தான். அம்பைப் பக்கத்து இருக்கையில் வைத்து, வளைவில் உருண்டு விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இறங்கி நேரே நடந்தார். முதலில் சவரிநாதன் வீடு. கதவு சாத்தியிருந்தது.

மாசி இடித்தார்.