கிளடிஸுக்குச் சொன்ன தவணை

தில்லையம்பலம் செத்தவீட்டு ஒழுங்குகளில் மகா கெட்டிக்காரர். அங்கிருந்து புறப்படும்போது யாராவது பழக்கதோஷத்தில் "போட்டு வாறன்" என்றுவிட்டால் போதும், கண்ணாலேயே எரித்துவிடுவார். செத்தவீட்டில் சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். திரும்பி வருவேன் என்று அங்கே போய் வாக்குக் கொடுக்கலாமா?

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நெஞ்சில் பைபாஸ். இனி நன்றாக நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மனைவி பேபி ஒக்ரோபர் வெயிலில் அவரை வெக்ஸ்போர்ட் பகுதியில் நடந்த ஒரு சரித்திர நடைக்கு இழுத்து வந்தாள். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் அப்பிள் தோட்டமாம். வேலி ஓரங்களில் தப்பி நிற்கும் கிழட்டு மரங்களை லெஸ்லி என்ற வழிகாட்டி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனான். முடிவில் அப்பிள் சாறு கொடுப்பார்கள் என்று பேபி முன்னால் போய்விட்டாள். தில்லையம்பலத்துக்குச் சாறும் வேண்டாம், சரித்திரமும் வேண்டாம். ஒஷாவாவில் இருக்கும் மகள் சுபாங்கிக்கு நவம்பர் கடைசியில் பிள்ளை பிறக்கும். தவமிருந்து கிடைத்த பிள்ளை. அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் வரையாவது உயிரோடு இருக்க வேண்டும். அதற்காகத்தான் நடந்தார்.

பின்தங்கியவரோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி சேர்ந்துகொண்டாள். பெயர் கிளடிஸ் என்றாள். எந்த மரம் புளிக்கும், எது பனி விழுந்த பிறகுதான் இனிக்கும் என்று, லெஸ்லிக்கே தெரியாததெல்லாம் சொன்னாள். இருவரும் சருகுகளின் மேல்தான் நடந்தார்கள். சரசரத்தது அவருடைய காலடி மட்டும். தன் காது மந்தமாகிவிட்டது என்று நொந்துகொண்டார்.

ஒரு பழைய இரும்புக் கேற்றடியில் அவள் நின்றாள். தான் இங்கேதான் இருப்பதாகச் சொன்னாள். வாசலில் விடைபெறும்போது நாம் என்ன சொல்வோமோ, அதையே அவரும் ஆங்கிலத்தில் சொன்னார், வருகிறேன் என்று.

எப்போது என்று கேட்டாள் கிழவி.

அவருக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்குப் பிள்ளை பிறக்கட்டும், பிறந்தவுடன் வருகிறேன் என்றார். அவள் தலையாட்டிவிட்டுக் கேற்றுக்குள் போனாள்.

"உதில நிண்டு ஆரோட கதைக்கிறியள்?" திரும்பி வந்த பேபி கேட்டாள். "சுடலை வாசலப்பா."

தில்லையம்பலம் உள்ளே எட்டிப் பார்த்தார். வீடு என்று ஒன்றும் இல்லை. ஒரு அப்பிள் மரம், அதன் கீழே சாய்ந்த கற்கள். தோட்டக்காரக் குடும்பத்தின் கடைசிப் பெண் இவள் என்று, முன்னால் போன கூட்டத்துக்கு லெஸ்லி ஒரு கல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கல்லில் கிளடிஸ் என்று வெட்டியிருந்தது.

எத்தனை பேரை முறைத்த மனிதர், போயும் போயும் சுடலை வாசலில் சொல்லிவிட்டாரே! நவம்பர் வரைக்கும் நாள் இருக்கிறது, அதற்குள் தோஷம் நீங்கக் கழிப்புக் கழித்துவிடலாம் என்று மனதைத் தேற்றினார்.

போன் அடித்தது. மருமகன் பிரசாந்.

"மாமா, விடியவே சுபாங்கிக்குக் குத்துத் தொடங்கிட்டுது. உங்களைப் பயப்படுத்தக் கூடாதெண்டு சொல்லேல்லை. இப்பதான் பிள்ளை பிறந்தது, பொம்பிளைப்பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். எப்ப மாமா வாறியள்?"

பேபி சந்தோஷத்தில் அழுதாள். தில்லையம்பலம் பதில் சொல்ல வாயெடுத்தார். கேற்றுக்கு உள்ளே, மரத்தடியில், கிளடிஸும் அந்தப் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.