இரவல் மின்னோட்டம்

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, வேதியியல் கட்டடத்தின் இரண்டாம் மாடி ஆய்வகத்தில், கோபால்ட் பூசிய நிக்கல் தகடு ஒன்று வெறும் நிக்கலைவிட ஒன்பது மடங்கு மின்னோட்டம் தந்தது.

தகட்டைச் செய்த ஆராய்ச்சியாளப் பெண் அன்று மதியம் சாப்பிடவே மறந்துபோனாள். காரக் கரைசலில் எத்தனாலை, அதாவது சாராயத்தில் இருக்கும் அதே ஆல்கஹாலை, ஆக்சிஜனேற்றி மின்சாரம் எடுக்க இதுவரை பிளாட்டினம், பல்லேடியம் போன்ற அரிய உலோகங்கள்தான் வேண்டியிருந்தன. சாதாரண உலோகத்தில் அதைச் செய்து காட்டுவதுதான் அவளுடைய திட்டம். ஜூனோடு அது முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழுவின் முன்னால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் பேச வேண்டும்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் இரவு வீட்டில் அந்த மின்னோட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தகட்டுக்கு மட்டும் தினமும் ஊத்திக் கொடுக்கிற. கட்டின புருஷனுக்கு வெறும் டீயா?"

"அது குடிச்சா கரண்ட் தருது. நீங்க குடிச்சா குறட்டைதானே வரும்?"

வியாழக்கிழமை ஆய்வகக் கூட்டத்தில் அவள் முடிவைக் காட்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள். முதுகுக்குப் பின்னால் 'பெரியம்மா' என்று அழைக்கப்படும் பேராசிரியர்கூடச் சிரித்தார். கைதட்டாதவன் ஒருவன்தான். எதையும் இரண்டு முறை கேட்பதால் அவனுக்கு 'சந்தேகம்' என்றே பெயர் விழுந்திருந்தது. அவளைவிட இரண்டு வருடம் இளையவன், பக்கத்து மேசைக்காரன். அன்று அவன் வாயே திறக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, கரைசல் கலக்கும் சின்ன அறைக்கு அவள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. யாரா இருந்தாலும் வேலை செய்யச் செய்யக் களைச்சுப் போவாங்க. உங்க தகடு மட்டும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கரண்ட் கூடி எப்படிக் கொழுத்துக்கிட்டே போகுது?"

"பொறாமையாடா?"

"பொறாமைதான். அதான் ரெண்டு வாட்டி பார்த்தேன். எதிர்ல என்ன தொங்க விட்டிருக்கீங்க?"

மின்சுற்று முழுமையாகத் தகட்டுக்கு எதிரே இன்னொரு மின்முனை வேண்டும். அந்த ஆய்வகத்தில் எல்லோரும் பிளாட்டினக் கம்பியைத்தான் தொங்கவிடுவார்கள். பிளாட்டினம் எதிலும் கரையாது என்ற நம்பிக்கையில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவளுக்கு முகம் சூடேறியது. "போய் உன் வேலையைப் பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் மறுநாள் காலை முதல் வேலையாகக் கம்பியைக் கழற்றிவிட்டு, பென்சில் கரியைப் போன்ற ஒரு கார்பன் தண்டை மாட்டினாள். புதுத் தகடு, புதுக் கரைசல். எத்தனை முறை ஓட்டியும் வரைபடத்தில் மின்னோட்டத்தின் வளைகோடு படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒன்பது மடங்கு ஒன்றரை மடங்காகிவிட்டது.

பழைய தகட்டைக் கீழ்த்தளத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். உப்புத் தூவியதைப் போலப் பிளாட்டினப் புள்ளிகள். ஒவ்வொரு ஓட்டத்திலும் கம்பி துளித்துளியாகக் கரைந்து தகட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாள் வேலை செய்தது அவளுடைய கோபால்ட் அல்ல.

மேலே வந்து, பக்கத்து மேசையில் அவன் முன்னால் அந்தப் படத்தை வைத்தாள்.

"இரவல் நகை போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பியிருக்கேன்டா," என்றாள்.

"இன்னும் மண்டபத்துக்குப் போகலையேக்கா. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. சொல்றதா இருந்தா நீங்களே சொல்லுங்க."

அப்போதுதான் அவளுக்கு வியாழக்கிழமை உறைத்தது. அத்தனை பேர் முன்னால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அவள் மானம் கப்பலேறியிருக்கும். அவன் பெயர் எடுத்திருப்பான். சபையில் அதை விழுங்கிவிட்டுத் தனியாக வந்து சொல்லியிருக்கிறான், திட்டும் வாங்கியிருக்கிறான். நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். வேறு வார்த்தைதான் வந்தது.

"எழுந்திரு. டீ வாங்கித் தர்றேன்."

"அந்த மெஷின் டீயா? அதுல டீத்தூள் போடுறாங்களான்னே எனக்கு ஒரு சந்தேகம்..."

"வாயை மூடிக்கிட்டு வாடா."

டீ குடித்த கையோடு அவள் பெரியம்மாவின் அறைக்குப் போனாள். இரண்டு வரைபடங்களையும் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யார் பிடிச்சது?"

"சந்தேகம்தான், மேடம்."

"கூட்டத்துல உம்முனு உட்கார்ந்திருந்தானே!"

"அதுக்குத்தான் மேடம் அவனை நினைச்சாலே கண்ணு கலங்குது."

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, அந்த ஒன்றரை நிஜம்தானா?" என்றார்.

"நிஜம் மேடம். அது கோபால்ட்டோடதுதான்."

"அதைக் கொண்டு போ."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர் வழக்கம்போலக் கேலி செய்யவில்லை. "அந்தத் தம்பியை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடு," என்று மட்டும் சொன்னார். அவன் வந்தான். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் அவள் ஒன்றரை மடங்கைக் காட்டினாள். ஒன்பது மடங்கு எங்கிருந்து வந்தது என்பதையும், அதைக் கண்டுபிடித்தவன் யார் என்பதையும் சொன்னாள். இரண்டு வருட நீட்டிப்புக் கேட்டிருந்த திட்டத்துக்கு ஆறு மாதம் கிடைத்தது.