ஓயாட்டின் ரத்தம்

ஒப்வோனாவின் வாயை ஊசி நூல் கொண்டு தைக்க வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்கள் மலேரியா ஆய்வுக்கூடத்தின் வண்டியை ஓட்டுகிறவன் அவன். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது அவன் வேலை. அதோடு நிற்கலாம் அல்லவா? வழியில் சந்தையில் இறங்கி, எள் விழுது விற்கிற பெண்களிடம் எங்கள் கதை முழுவதையும் அளந்துவிட்டுத்தான் வருவான்.

அன்று காலை நான் பூட்டைத் திறக்கும்போது வாசலில் லாகேர் நின்றிருந்தாள். மடிப்புக் கலையாத புது வெள்ளைத் துணி ஒன்று அவள் கையில் இருந்தது.  மழைக்காலத்தில் ஆய்வுக்கூடத்தை ஒட்டிய எங்கள் வார்டில் இறந்துபோன ஓயாட்டின் அம்மா அவள்.

"அபாலோ, என் பையனக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றாள்.

"என்ன சொல்றீங்க ஓயாட் அம்மா? அவனைத்தான் அன்னிக்கே வீட்டுக்குக் கொண்டுபோயிட்டீங்களே."

"உடம்பத்தான குடுத்தீங்க? ரத்தத்தக் குடுக்கலையே. அது இன்னும் உள்ள உயிரோட இருக்காம். தினமும் சாப்பாடு போடுறீங்களாம். ஒப்வோனா சொன்னான்."

திரும்பிப் பார்த்தேன். ஒப்வோனா ஏற்கெனவே சுத்தமாக இருந்த வண்டிக் கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆறுதலா இருக்கட்டும்னுதான் சொன்னேன் அக்கா" என்றான் தரையைப் பார்த்து. "அவன் ரத்தம்தானே உள்ள வளருது? நீங்களே தினமும் கேப்பீங்களே, ஓயாட்டுக்குத் தீனி போட்டாச்சான்னு."

கேட்போம். அது உண்மைதான். கிருமி வளர்க்கிற ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு எண் உண்டு, ஆனால் எண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? குப்பியில் இருக்கிற கிருமி எந்தப் பிள்ளையிடமிருந்து வந்ததோ அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லியே அழைத்துப் பழகிவிட்டோம். வெளியாள் யாரும் கேட்காத அறை என்று நினைத்திருந்தோம்.

ஓயாட் அவளுக்கு ஒரே பிள்ளை. பல வருஷம் வயிறு திறக்காமல், வேரும் பட்டையும் இடித்துக் குடித்துப் பெற்றவன். மருந்தால் பிறந்தவன் என்ற அர்த்தத்தில்தான் எங்கள் ஊரில் அந்தப் பெயரை வைப்பார்கள். வார்டுக்கு அவன் நடந்துதான் வந்தான், முகவாயெல்லாம் மாம்பழச் சாறு. என்னை 'கொசு அக்கா' என்று கூப்பிட்டான். நான் தினமும் காலையில் விரலில் குத்தி ரத்தம் எடுப்பேன் அல்லவா, அதற்காக. மற்ற பிள்ளைகளுக்கு அதே மருந்தை ஏற்றினால் கிருமி மளமளவென்று குறைந்துவிடும். இவனுக்குக் குறையவில்லை. ஒவ்வொரு காலையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு டாக்டர் கின்யேராவிடம் போய் "குறையல" என்று சொன்னவள் நான்தான். கடைசியில் அவன் என்னைக் கொசு என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டான். மருந்தால் பிறந்தவனை மருந்து காப்பாற்றவில்லை. 

லாகேரை மாமரத்தடிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா முகாம்ல செத்தாங்க, தெரியும்ல?" என்றாள். "சண்டை முடிஞ்சு ஊர் திரும்பினப்போ, போய்த் தோண்டி எடுத்தேன். மண்ண விரலால சலிச்சு, சுண்டு விரல் எலும்பு வரைக்கும் பொறுக்கினேன். ஒட்டியிருந்த முகாம் மண்ணக்கூடக் கழுவிட்டுத்தான் வீட்டு வாசல்ல பொதச்சேன். பெத்தவளையே மிச்சம் வெக்காம கொண்டுவந்தவ நான். பெத்ததப் பாதியா விட்டுட்டுப் போவேனா? கடைசிச் சடங்கு இன்னும் பண்ணல. புருஷன் வீட்டாளுங்க ஏசுறாங்க. பையன் முழுசா வரட்டும்னு சொல்லிட்டேன்."

 என் அப்பாவையும் அப்படித்தான் ஒரு போர்வையில் கட்டிக்கொண்டு வந்தோம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மூட்டை சுமக்காத வீடு கிடையாது.

அதற்குள் டாக்டர் கின்யேரா வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் பயந்தால் சட்டம் பேசுவார். "அம்மா, ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கலாம்னு நீங்கதான கைநாட்டு வெச்சுக் குடுத்தீங்க?" என்றார்.

"வெச்சேன்" என்றாள் லாகேர். "அவன் பொழைப்பான்னு வெச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்லு அபாலோ. உன்னால முடியும்" என்றார். கஷ்டமான வேலை எல்லாம் எப்போதும் என் தலையில்தான் விடியும்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"ஓயாட் அம்மா, உள்ள வளர்றது உங்க பையனோட ரத்தம் இல்ல. அவனைக் கொன்ன கிருமி. அது ஒரு ரத்த அணுவுக்குள்ள பூந்து, தின்னு, ஒடச்சிட்டு அடுத்ததுக்குப் போகும். அவன் ரத்தம் முதல் வாரத்துலயே தீந்துபோச்சு. அப்புறம் வேற ரத்தம் ஊத்தி ஊத்தித்தான் வளக்கறோம்."

"யார் ரத்தம்?"

இதை அவள் கேட்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்திருந்தேன். "எல்லாருக்கும் பொருந்துற வகை என்னோடது. அதனால நான்தான் குடுக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி, முழங்கை மடிப்பில் இருந்த ஊசித் தழும்புகளைக் கட்டைவிரலால் தடவினாள். ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என் பையனத் தின்னதுக்கு நீ பால் குடுக்கற" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை, நடப்பதைச் சொன்னாள். அதுதான் என்னை அறுத்தது.

"கொட்டிடேன் தங்கச்சி. இப்பவே போய்த் தரையில கொட்டிடேன்."

"கொட்டலாம். ஆனா இங்க கொட்டினா ஊருக்குள்ள இருக்கறது சாகாது. இதே ஜாதிக் கிருமி இன்னும் எத்தனை பிள்ளைங்க உடம்புல ஓடுதோ தெரியல. எந்த மருந்துக்கு இது சாகும்னு இதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். வேற பிள்ளைங்க கிட்ட எடுத்ததெல்லாம் இருக்கற மருந்துக்கே செத்துடும். சாகாதது இது ஒண்ணுதான்."

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

அவள் துணியைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அப்போ அவன் எங்கயுமே இல்லையா?" என்றாள்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் உடைந்தேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "வாங்க" என்று உள்ளே அழைத்துப் போனேன். டாக்டர் தடுக்கவில்லை.

அலமாரியில் ஸ்லைடுப் பெட்டி இருக்கிறது. ஓயாட் வந்த முதல் நாள், மருந்து தொடங்கும் முன், அவன் விரலில் எடுத்த ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் மெல்லத் தேய்த்து வைத்திருந்தேன். தேய்த்த உடனே மெத்தனாலில் நனைப்போம். அந்த நொடியே அதில் இருக்கிற அத்தனையும், ரத்தமும் கிருமியும் சேர்ந்து செத்து, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாயம் ஏற்றுவோம். அவனுடையது என்று இந்தக் கட்டடத்தில் மிச்சம் இருந்தது இப்படிச் சில கண்ணாடித் துண்டுகள்தான்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்து அவளைக் கூப்பிட்டேன். முதலில் அவளுக்கு அவள் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. கொஞ்சம் தலையைப் பின்னால் இழுக்கச் சொன்னேன். மறுபடி கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"உருண்டை உருண்டையா இருக்கே. வெளிர் சிவப்பா."

"அதுதான் ஓயாட்."

"எத்தனை!" என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சாகும்வரை அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன். ஊரில் காணாமல்போன பிள்ளையைச் சந்தைக் கூட்டத்தில் பார்த்துவிட்டவளின் சிரிப்பு அது. பிறகு அது மெல்லச் சுருங்கியது.

"உள்ள சின்னதா ஊதா வளையம் தெரியுதே. மோதிரத்துல கல்லு வெச்ச மாதிரி."

"அதுதான் அந்தக் கிருமி."

"நெறைய இருக்கு."

"ஆமா. நெறைய இருந்துச்சு."

டாக்டர் கின்யேரா பின்னால் வந்து நின்றார். "அன்னிக்கு ரெண்டு ஸ்லைடு போட்டோம்" என்றார். "ஒண்ணு நம்மகிட்ட இருக்கட்டும். இது அவங்களுக்கு." விதிப்படி அது தப்பு. அவர் அதைச் செய்ததற்காக அவர் பேசிய சட்டத்தை எல்லாம் மன்னித்துவிட்டேன்.

ஸ்லைடைத் துடைத்து வெள்ளைத் துணியில் வைத்தேன். லாகேர் ஒவ்வொரு மூலையாக மடித்தாள், பிள்ளையைத் துண்டில் சுற்றுகிற பக்குவத்தில். மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். ஒப்வோனா ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தான். ஊர்வரை கொண்டுவிடுகிறேன் என்று அழுதுகொண்டே சொன்னான்.

வண்டி வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பி என்னிடமே வந்தாள்.

"எங்கம்மா எலும்புல ஒட்டின மண்ணக் கழுவினேன்" என்றாள். "இதக் கழுவ முடியுமா? அவன விட்டு அதப் பிரிச்சுக் குடுக்க முடியுமா உன்னால?"

"முடியாது ஓயாட் அம்மா."

"கழுவினா?"

"கழுவினா அவனும் போயிடுவான்."

 துணிப் பொட்டலத்தை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மூடினாள்.

"அதோட சேத்து அவன என்னால பொதைக்க முடியாது தங்கச்சி. மண்ணுக்குள்ளயும் அது அவன் கூடயே கெடக்குமே. நீயே வெச்சிரு. மருந்து ஒண்ணு கண்டுபிடிச்சீங்கன்னா, முதல் சொட்ட இந்தக் கண்ணாடில விடு. உள்ள இருக்கறதெல்லாம் செத்ததும் ஒப்வோனாகிட்டச் சொல்லி அனுப்பு. வந்து எடுத்துக்கறேன். சடங்க அப்ப வெச்சுக்கறேன்."

ஸ்லைடில் சாக இனி எதுவும் இல்லை. அன்றைக்கே எல்லாம் செத்துவிட்டது. எதை ஊற்றினாலும் அந்த ஊதா வளையங்கள் அவன் ரத்தத்துக்குள் அப்படியேதான் இருக்கும். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரி ஓயாட் அம்மா" என்றேன். "முதல் சொட்டு இதுக்குத்தான்."

வண்டி போன பிறகு உள்ளே வந்து, பொட்டலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். குப்பிக்குத் தீனி போடுகிற நேரம் தாண்டியிருந்தது. டாக்டர் வழக்கம்போல் கேட்க வாயெடுத்து, அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் எண்ணைத் தேடினார். அவருக்கு அது ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து, என் ரத்தத்தை எடுத்து, அளந்து அதற்கு ஊற்றினேன்.