மீன் நாற்றமுள்ள குப்பி

அந்தச் சேற்றை அள்ளியது நான். முழங்கால்வரை உப்புச் சேற்றில் இறங்கி, ஒரு செருப்பைப் பறிகொடுத்து அள்ளியது நான். கழிமுகத்து வெயில் எப்படிச் சுடும் என்று இவளுக்கு என்ன தெரியும்?

மனசுக்குள் இதைச் சொல்லிக்கொண்டே அக்கா கைதட்டினாள். ஆய்வுக்கூடமே கைதட்டியது. கணினித் திரையில் மீத்தேன் கோடு மலைபோல எழுந்து நின்றது. கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பிலும் செழித்து, மீத்தேன் விடும் நுண்ணுயிர். யாரும் இதுவரை பதியாத புது இனம் என்று உறுதியாகிவிட்டது. கண்டுபிடித்தவள் தங்கை.

அக்காதான் அவளை இந்த வேலைக்கே அழைத்து வந்தவள். அதே சேற்றுக்கு அக்கா வருஷக்கணக்காக ஹைட்ரஜன் ஊட்டிப் பார்த்தாள். குப்பிகள் வாய் திறக்கவில்லை, மீத்தேன் வரவே இல்லை. கடல் சேற்றில் ஹைட்ரஜனை வேறு நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு தின்றுவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். தெரிந்தும், இன்னும் கொஞ்சம் ஊட்டினால் போதும் என்று ஒரு வீம்பு. தங்கையோ குளிர்பெட்டியில் மிச்சமிருந்த சேற்றை எடுத்து, அழுகிய மீன்போல நாறும் மெத்திலமீன் என்ற ரசாயனத்தை ஊட்டினாள்.

"என்னடி, மீன் கடை போடப் போறியா?" என்று அக்கா அன்றைக்குக் கேலி செய்திருந்தாள்.

"போட்டா உனக்குப் பாதி விலைதான், அக்கா."

மதியம் அம்மா போன் செய்தாள். "தங்கச்சி ஏதோ கண்டுபிடிச்சுட்டாளாமே! உனக்குச் சந்தோஷம்தானே?"

"ஏம்மா இப்படிக் கேக்கறே?"

"இல்லடி, சின்ன வயசுல அவளுக்குப் புதுச் சட்டை எடுத்தா உனக்குக் காய்ச்சல் வருமே, அதான்."

அக்கா போனை வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இந்த நுண்ணுயிர்களுக்குக் காற்று ஆகாது; காற்று புகுந்த குப்பியை உள்ளேயிருக்கும் சாயம் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். மனுஷ முகத்தில் அந்தச் சாயத்தைக் கலக்காமல் விட்டது நல்லதாயிற்று.

சாயங்காலம் தங்கை வந்து அவள் மேஜையோரம் சாய்ந்தாள்.

"அக்கா, இதுக்குப் பேர் வைக்கணும். கண்டுபிடிச்சவங்க தங்களோட பேரையே வெச்சுக்கறது வழக்கமில்லையாம். உன் பேரை வைக்கட்டுமா? நீ இல்லாட்டி நான் ஏது?"

அவள் கண்ணில் கள்ளம் இல்லை. அதுதான் சுட்டது. இந்தத் துறையில் யார் பெயரை வைப்பார்கள்? ஓய்வு பெற்றவர்கள், போய்ச் சேர்ந்தவர்கள், கைகொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர்கள். தங்கையின் பெயர் கட்டுரையின் தலையில் நிற்கும். தன் பெயர் சேற்றில் கிடக்கும். அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும்.

"வேண்டாம்டி."

"கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல. அந்தக் கழிமுகத்துப் பேரை வை. அதுக்குப் பொருத்தமா இருக்கும்."

"கட்டுரையை நாளைக்குள்ள அனுப்பணும்க்கா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லேன். அம்மா எவ்வளவு சந்தோஷப்படுவா!"

அக்கா புதுக் குப்பி ஒன்றை எடுத்தாள். வேறொரு கரையின் சேறு. ரப்பர் மூடியில் ஊசியை நிதானமாக இறக்கினாள். மீன் நாற்றம் லேசாக இருவருக்கும் நடுவே எழுந்தது. தங்கை குப்பியைப் பார்த்தாள்.

"என் பேர் எனக்கு வேணும்," என்றாள் அக்கா மெதுவாக, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.