ஐஸ் ஏன் மிதக்குது?

"நல்ல வகுப்பில் பிள்ளைகள் பேச வேண்டும், ஆசிரியர் கேட்க வேண்டும்" என்று படிவத்தில் அழகாக எழுதிக் கொடுத்தாள் அறிவியல் டீச்சர். கூடவே பாடம் நடத்திய ஒலிப்பதிவும் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு எந்த டீச்சருக்கு என்று முடிவாகும். ஆறு வருஷமாக அதற்காகத் தவம் கிடக்கிறாள்.

அன்று நடத்திய பாடத்தின் பதிவை வீட்டில் போட்டுக் கேட்டாள். நாற்பது நிமிஷத்தில் முப்பத்தாறு நிமிஷம் இவள் குரல்தான். கேள்வியும் இவளே, பதிலும் இவளே! வெட்கக்கேடு!

"அண்ணி, ரேடியோகூட நடுவுல மூச்சு விடும்," என்று சிரித்தாள் நாத்தனார். அவளும் அதே பள்ளியில் டீச்சர். பத்தாம் வகுப்பின்மேல் அவளுக்கும் ஒரு கண். "பேசாம நாலு பிள்ளைங்களுக்கு முன்னாடியே பதிலைச் சொல்லிக்கொடுத்துப் பேச வைங்க. எல்லாரும் அதானே பண்றோம்?"

"அந்தப் பித்தலாட்டம் எனக்கு வேணாம். எழுதினதைச் செஞ்சே காட்டுறேன்."

மறுநாள் பதிவை ஓடவிட்டு, "ஐஸ் ஏன் தண்ணியில மிதக்குது?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டாள். பதிலும் அவளிடமிருந்தே வரும் என்று வகுப்பு காத்திருந்தது. அப்பப்பா, அந்த ஒரு நிமிஷம்! சாக்பீஸை இரண்டாய் உடைத்தாள், நாலாய் உடைத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

கடைசி பெஞ்சில், ஊமைக்கோட்டான் என்று பெயர் வாங்கிய பெண் எழுந்தாள். "உள்ள காத்து இருக்கு டீச்சர்."

தப்பு. டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி, மத்தவங்க என்ன சொல்றீங்க?"

அவ்வளவுதான், வகுப்பே இரண்டுபட்டது. மணி அடிக்கும்வரை சண்டை ஓயவில்லை.

பதிவைக் கேட்ட தலைமையாசிரியை முகம் சுளித்தார். "ஒரே சந்தைக்கடையா இருக்கேம்மா. கடைசிவரைக்கும் விடையே சொல்லலையே?"

"சொல்லலைங்க. அவங்களே கண்டுபிடிப்பாங்க."

பத்தாம் வகுப்பு நாத்தனாருக்குப் போனது. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் இனி இப்படித்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள்.

வாசலிலேயே ஊமைக்கோட்டான் மறித்தாள். "டீச்சர், நான் சொன்னது தப்பு! காத்தே இல்லாம பாட்டில் நிறையத் தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சேன். காலையில பாட்டில் வீங்கியிருக்கு! அதே தண்ணிதான், இடம் மட்டும் ஜாஸ்தி. அதனாலதான்..."

மிச்சம் டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"எங்கிட்ட வேணாம், எல்லார்கிட்டயும் சொல்லு."

சாக்பீஸை அவள் கையில் வைத்துவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.