மேற்படியும் கீழ்ப்படியும்

இரட்டையரில் இளையவளின் பெயர் மேற்படி. பிறப்புப் பதிவேட்டில் அக்காவின் வரியை ஒழுங்காக நிரப்பிய குமாஸ்தாவுக்கு அடுத்த வரியில் சோம்பல் வந்து, தகப்பன் பெயரிலிருந்து பிள்ளை பெயர்வரை மேற்படி, மேற்படி என்று போட்டுவிட்டார். மேலே உள்ளபடியே இதுவும் என்று பொருள். பதிவேடு பொய்யாகக் கூடாது என்பதால், அன்றிலிருந்து அக்காவுக்கு நடந்ததெல்லாம் பதினோரு நிமிடம் கழித்து அட்சரம் பிசகாமல் தங்கைக்கும் நடந்தது. பிறப்பில் இருந்த இடைவெளி அது. அக்காவுக்குப் பல் விழுந்தால் இவளுக்கும் விழுந்தது. அக்கா உளறியதை இவளும் உளறினாள். சலவைக் கடையில் அக்கா இஸ்திரிப் பெட்டியில் சுட்டுக்கொண்டால், பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நிற்கும் இவள் கையில் கொப்புளம் எழும்பியது. அந்த வேலைக்கு ஏற்ற ஆள்தான் என்றது ஊர். அவளோ தனக்கென்று ஒரு பெயரைப் பல வருடமாக மனதில் வைத்திருந்தாள்.

முப்பத்துநான்காம் வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா மாரடைப்பில் விழுந்து செத்தாள். போன் வந்தபோது மூன்று நிமிடம் போயிருந்தது. மேற்படி அழவில்லை. அதற்கு நேரம் போதாது. சாலையைக் கடந்து, ஓய்வுபெற இரண்டு மாதமே இருந்த அதே குமாஸ்தாவின் முன் போய் நின்றாள்.

"சார், அக்கா போயிட்டா. ஏழு நிமிஷத்துல நானும் போயிடுவேன். என் வரியை மாத்துங்க."

"மாத்தலாம்மா. மனுவோட ரெண்டு ஜெராக்ஸ் வேணுமே."

"அன்னிக்கு ஒரு பேரு எழுத உங்களுக்குக் கை வலிச்சுது. இன்னிக்கு ஜெராக்ஸ் கேக்குறீங்களா?"

குமாஸ்தா பதிவேட்டைப் பிரித்தார். அவள் தன் பெயரைச் சொன்னாள். எழுதினார். தனியாகத் தப்பிக்க அதுவே போதும். ஆனால் அவள் பக்கத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"அக்கா வரியை அடிச்சுட்டு, எல்லாத்துலயும் கீழ்ப்படின்னு போடுங்க."

"அவளா? அவ யாருக்கும்மா கீழ்ப்படிஞ்சா?"

"எழுதுங்க சார்."

எழுதினார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். "தண்ணி இருக்கா சார்?" என்றாள்.

பதினோரு நிமிடம் கழித்து, டாக்டர் கைவிரித்துவிட்டுப் போன சலவைக் கடையில், அக்கா எழுந்து உட்கார்ந்து, சுற்றிலும் பெண்களே நின்ற அறையில், "தண்ணி இருக்கா சார்?" என்று கேட்டாள். கொடுத்தார்கள். மதியம் வேலைக்குத் திரும்பினாள்.

பிறகு அவளுக்கு இருந்த குறையெல்லாம் தங்கை குடிக்கும் டீயைப் பற்றித்தான். "சர்க்கரையைக் குறைடி, எனக்குப் பல்லு கூசுது" என்று தினமும் போன் செய்தாள். தங்கை குறைத்துக்கொண்டாள். பதினோரு நிமிடம் கழித்து அக்காவின் வாயிலும் இனிப்பு குறைந்தது.