கர்னூல் போய் வந்தவர்கள்

நான் கர்னூலுக்கு விமானம் ஓட்டிப் போய் வந்துவிட்டேனாம். போன பதினாலாம் தேதி, தன்னந்தனியாக, இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம். பறந்த கணக்கை எழுதும் என் லாக்புக்கில் அப்படித்தான் இருந்தது. கீழே எங்கள் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் ஆரோக்கியசாமியின் கையெழுத்து. அந்தப் பதினாலாம் தேதி நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கிளப் கேன்டீனில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தேன். விமானத்தின் முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். இதோ ஆகிவிடும், அதோ ஆகிவிடும் என்று மதியம் வரை உட்கார வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருபது வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதினால் எங்கள் இடத்தில் அன்றைக்கே வேலை போய்விடும். ஓர் எண் தப்பாக விழுந்தால்கூட வெள்ளை மை பூசக் கூடாது, மேலே கிறுக்கக் கூடாது. தப்பு படிக்கும்படி தெரிய வேண்டும். அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் காரணம், கையெழுத்து, தேதி.

ஆனால் என் கோபம் அதனால் மட்டும் வந்ததல்ல. பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு நாற்பது மணி நேரம் பறக்க வேண்டும். அதில் ஒருமுறை தனியாக வேறொரு விமான நிலையத்துக்குப் போய், இறங்கி, திரும்பி வர வேண்டும். அந்த ஒரு பயணத்துக்காகத்தான் நாற்பத்திரண்டு வயதில் இதில் சேர்ந்தேன். ஸ்கூட்டியையே ஒழுங்காக நிறுத்தத் தெரியாதவள் விமானம் ஓட்டுகிறாளாம் என்று மாமியார் வீட்டில் சிரித்தார்கள். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் இருட்டோடு எழுந்து செகந்திராபாத்திலிருந்து கிளம்பி வருகிறேன். கடைசியில் அந்தப் பயணத்தைப் பேனாவாலேயே முடித்துவிட்டார்கள். என்ன அக்கிரமம் இது!

லாக்புக்கைத் தூக்கிக்கொண்டு கேப்டனின் அறைக்குப் போனேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் போட்டோ. கர்னூல் போய் வந்தவர்களுக்கு மாலை போட்டு, விமானத்தின் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்த படங்கள், ஒவ்வொன்றின் கீழும் தேதி. மூன்றாவது படத்தில் சனத்நகர் முரளி, எங்கள் குடும்ப நண்பர். லைசென்ஸ் வாங்கிய கையோடு போன டிசம்பரில் என் மகள் ஹர்ஷிதாவைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டு பறந்தார். கேப்டனே அவளுக்கு பெல்ட் மாட்டிவிட்டு, கதவைச் சாத்தி, கை காட்டி அனுப்பினார். நான் கீழே நின்று பல்லைக் காட்டிக்கொண்டு வீடியோ எடுத்தேன்.

"சார், நான் கர்னூலுக்குப் போகல" என்றேன்.

கேப்டன் லாலாகூடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர். எதற்கும் பதறாதவர். "கைக்கு மேடம், எதுக்கு இவ்ளோ கோவம்? டெஸ்ட் அடுத்த வாரம் வியாழக்கிழமை. இப்ப விட்டா எக்ஸாமினர் மறுபடி வர மூணு மாசம் ஆவும். உங்களுக்கு நல்லதுதான செஞ்சேன்?"

"போகாதத போனேன்னு எழுதுறதா நல்லது?"

"போனா என்ன, போவாட்டி என்ன? ஓட்டத் தெரியுதுல்ல? போன மாசம் நானே கூட வந்து கர்னூல் மேல ஒரு சுத்து சுத்திக் காட்டலயா?"

"சுத்தினோம். இறங்கலையே. அதுவும் நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"எல்லாரும் செய்றதுதான் மேடம். பெரிசு பண்ணாதீங்க."

அவர் மேஜையிலிருந்த பேனாவையே எடுத்தேன். அந்த வரியின் குறுக்கே, அவர் கையெழுத்தையும் சேர்த்து, ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் 'பறக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. இருபது வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

கேப்டன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அய்யய்யோ! லாக்புக்ல கோடு போடுவாங்களா? எக்ஸாமினர் பாத்தா என் கழுத்தப் புடிப்பான்! உங்களுக்கும்தான் டெஸ்ட் கெடயாது!"

அப்போதுதான் நான் செய்துவைத்தது எனக்கே உறைத்தது. இருந்தாலும் இறங்கி வர மனசில்லை. புது லாக்புக் தருகிறேன், எல்லாவற்றையும் அழகாகப் பார்த்து எழுதிவிடலாம் என்றார். "நக்கோ சார், வேண்டாம்" என்றேன். "சனிக்கிழமைக்குள்ள வண்டி ரெடியாயிடும். நெசமாவே அனுப்புங்க. இந்தக் கோட்டுக்குக் கீழ நெசமான வரி இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அனுப்புறேன். ஆனா இது நமக்குள்ளயே இருக்கட்டும், மேடம்."

சரி என்று தலையாட்டினேன். எனக்கு வேண்டியது கிடைக்கப்போகிறது, மற்றதெல்லாம் எனக்கெதற்கு என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். பக்கத்து சீட் காலி. ஓர் ஆள் குறைந்ததில் விமானம் அவசரமாக மேலே ஏறியது. முதல் கால் மணி நேரம் பயத்தில் திசைகாட்டியையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் கிருஷ்ணா நதி தெரிந்தது, மணல் திட்டுகளோடு. வரைபடத்தில் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நேரத்தில் தெரிந்தது. நானே கண்டுபிடித்தேன், யாரும் காட்டவில்லை! தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்கு இருந்ததில்லை. கர்னூல் ஓடுதளத்தில் ஒரு குதி குதித்துத்தான் இறங்கினேன். இறங்கினேன் அல்லவா, அது போதும்.

அங்கே அலுவலகத்தில் ஒருவர் பதிவேட்டை நீட்டினார். வந்து இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் அதில் ஒரு வரி உண்டு. என் கிளப்பின் பெயரைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "உங்கள் கிளப்பா? நான் இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது, மேடம். உங்கள் விமானம் இறங்கி இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார் தெலுங்கில்.

லீவில் இருந்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தொழில் புத்தி சும்மா விடவில்லை. பழைய பக்கங்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்று டீ வாங்கப் போனார். முரளியின் படத்துக்குக் கீழே இருந்த தேதி, போன நவம்பர் ஒன்பது, எனக்கு மனப்பாடம். ஒன்பதாம் தேதியில் எங்கள் விமானம் இல்லை. எட்டில் இல்லை, பத்தில் இல்லை. அந்த மாதத்திலேயே இல்லை. சுவரில் இருந்த மற்ற தேதிகளில் நினைவுக்கு வந்ததையெல்லாம் புரட்டினேன். ஒருவர்கூட வந்திருக்கவில்லை.

போன் அதிர்ந்தது. ஹர்ஷிதா. இறங்கிவிட்டேனா என்று கேட்டிருந்தாள். நாளைக்கு முரளி அங்கிள் மறுபடி பறக்கக் கூப்பிடுகிறார், போகட்டுமா என்றும் கேட்டிருந்தாள்.

வேண்டாம் என்று அனுப்பினேன். பிறகு பதிவேட்டின் பக்கங்களை, டீயோடு திரும்பி வந்தவரின் அனுமதியோடு, ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன்.

திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தியபோது கேப்டன் சிரித்த முகமாக ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். கையில் சாமந்தி மாலை, பக்கத்தில் கேமராவோடு ஒரு ஆள். "கங்கிராட்ஸ் மேடம்! இப்ப நெசமாவே போயிட்டு வந்தாச்சு. வியாழக்கிழமை டெஸ்ட். கழுத்த நீட்டுங்க."

நான் நீட்டவில்லை. போனை அவர் முன்னால் பிடித்து, நவம்பர் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

"நமக்குள்ள இருக்கட்டும்னு சொன்னேனே மேடம்" என்றார், சின்னக் குரலில். "சரின்னீங்களே."

"சொன்னேன். தப்புதான்" என்றேன். "டெஸ்ட் போனாப் போவுது, இத எக்ஸாமினர் கிட்ட நானே காட்டுறேன். என் பொண்ணுக்கு பெல்ட் மாட்டிவிட்டது நீங்கதான, கேப்டன்?"